சல்ஃபேட் கொழுமியங்கள்: மூளைச் சாற்றிலிருந்து குருதித்துளி வரை

மனித உடலின் கொழுமியங்களில் பெரும்பாலானவை நீரோடு ஒட்டாதவை. அவற்றுள் ஒரு சிறு கூட்டம் மட்டும் தன் ஒரு முனையில் சல்ஃபேட்டைச் சுமந்து நிற்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் உறையில் அது சல்ஃபடைடு. விந்தணுவின் சவ்வில் செமினோலிப்பிடு. தோலின் மேலடுக்கில் கொலஸ்ட்ரால் சல்ஃபேட். குருதியில் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் ஸ்டீராய்டு சல்ஃபேட்டுகள். பித்த அமிலங்களிலும் சல்ஃபேட் ஏறியவை உண்டு. எந்த இடத்தில் இருந்தாலும் இவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: உடலின் இயல்பான சூழலில் சல்ஃபேட் முனை எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும்.

அந்த மின்னூட்டம் ஆய்வாளர்களுக்கு நெடுங்காலம் இடையூறாக இருந்து, பின்னர் அவர்களின் முதன்மைக் கருவியாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை பின்தொடர்கிறது. அதனூடாக இன்னொரு போக்கையும் காட்ட விரும்புகிறேன். சல்ஃபடைடு தேங்கும் நோயில் முதலில் கண்ணுக்குப் பட்டது கொழுமியம். 1960-களுக்குப் பிறகு அதைச் சிதைக்கும் நொதியே சான்றாக அமர்ந்தது. கொழுமியம் பின்னுக்குப் போனது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கொழுமியம் மீண்டும் முன்னிடத்துக்கு வந்திருக்கிறது. கருவி மேம்பட்டது இதற்கு ஒரு காரணம். நொதியை மட்டும் நம்பியதால் நோயறிதல் தடுமாறியது இன்னொரு காரணம். அதுவே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

சாற்றில் தெரிந்த கந்தகம்

ஜெர்மனியின் பியூடிங்கன் நகரில் 1829-இல் பிறந்த யோஹான் லுட்விக் டூடிகம், கீஸனில் லீபிக்கின் ஆய்வகத்தில் பயின்று லண்டனில் மருத்துவராகக் குடியேறியவர். பிரிட்டிஷ் பிரிவி கவுன்சிலின் மருத்துவத் துறை அளித்த நிதியில் மனித மூளைகளையும் மாட்டு மூளைகளையும் ஆண்டுக்கணக்கில் பகுத்தார். சூடான ஆல்கஹாலில் சாறெடுப்பது, குளிரவைத்து வீழ்படிவாக்குவது, உலோக உப்புகளால் பிரிப்பது ஆகியவையே அவரிடம் இருந்த வழிகள். 1884-இல் வெளிவந்த மூளையின் வேதியமைப்பு பற்றிய அவரது நூலில் பாஸ்பரஸ் உள்ள கொழுமியங்கள், சர்க்கரை உள்ள கொழுமியங்கள் ஆகியவற்றுடன் கந்தகம் உள்ள கொழுமிய வகை ஒன்றும் இடம்பெற்றது.

அக்காலத்தில் மூளைக் கொழுப்பு முழுவதும் ‘புரோட்டகான்’ என்ற ஒரே பெருஞ்சேர்மம் என்று நம்பியவர்கள் பலர். அது கலவை என்று டூடிகம் வாதிட்டார். கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். 1901-இல் அவர் இறக்கும்வரை அந்த எதிர்ப்பு முழுவதாக ஓயவில்லை. வாதத்தில் அவர் பக்கமே உண்மை இருந்தது என்பதைப் பிற்காலம் நிறுவியது.

ஆயினும் கந்தகம் எந்த வடிவில் கொழுமியத்தோடு பிணைந்திருக்கிறது என்பது தெளிவாக மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் லெவீன் 1912 வாக்கில் மூளைச் சல்ஃபடைடை ஆராய்ந்தார். 1933-இல் சுவீடனின் உப்சாலாவில் குன்னார் பிளிக்ஸ் ஒரு தூய பொருளைப் பிரித்தெடுத்து, அதில் ஸ்பிங்கோசின், கொழுப்பமிலம், கேலக்டோஸ், கந்தக அமிலம் நான்கும் ஒன்றுக்கு ஒன்றாக உள்ளன என்று காட்டினார். கேலக்டோஸின் எந்தக் கார்பனில் சல்ஃபேட் அமர்ந்திருக்கிறது என்பதில் அடுத்த பிழை நேர்ந்தது. 1950-களில் ஆறாம் கார்பன் என்றே எழுதினார்கள். 1960-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் யமகாவாவின் குழுவும், அமெரிக்காவில் ஸ்டோஃபின் இணையரும் அதை மூன்றாம் கார்பன் என்று திருத்தினார்கள். பயன்பட்ட உத்தி எளிமையானது. சர்க்கரையில் திறந்திருக்கும் எல்லா ஹைட்ராக்சில்களையும் மெத்தில் தொகுதியால் மூடிவிட வேண்டும். பிறகு சல்ஃபேட்டை நீக்கினால், மூடப்படாமல் எஞ்சி நிற்கும் இடமே சல்ஃபேட் அமர்ந்திருந்த இடம்.

சாயம் சொன்ன செய்தி

பிளிக்ஸ் தன் முடிவை வெளியிட்ட அதே 1933-இல் லண்டனில் கிரீன்ஃபீல்டு, நடக்கத் தொடங்கிய குழந்தைகளை முடக்கும் மூளை வெண்பொருள் நோய் ஒன்றை விவரித்தார். அதற்கு முன்பே 1910-இல் அலாய்ஸ் அல்சைமரும் 1925-இல் ஷோல்ஸும் இத்தகைய மூளைகளைப் பார்த்திருந்தார்கள். வெண்பொருள் சிதைந்திருந்தது, செல்களுக்குள் திரள்திரளாக ஏதோ ஒரு பொருள் தேங்கியிருந்தது. அந்தத் திரள்கள் சாயத்தின் இயல்பான நிறத்தை ஏற்காமல் வேறொரு நிறத்தைக் காட்டின. நிறம் மாறிச் சாயமேறும் இந்தப் பண்பே நோய்க்குப் பெயரானது: மெட்டாக்ரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி. உப்சாலாவின் வேதியியலும் லண்டனின் நோயியலும் ஒரே ஆண்டில் ஒரே மூலக்கூற்றின் இரு பக்கங்களைத் தொட்டிருந்தன. இரண்டையும் இணைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது.

தாமதத்துக்கு ஆய்வக வழக்கமும் ஒரு காரணம். திசுவை மெழுகில் புதைத்துச் சீவுவதற்கு முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைப்பார்கள். அந்த ஊறலில் கொழுமியம் கரைந்து வெளியேறிவிடும். தேடும் பொருளைக் கழுவிவிட்டுத் தேடியதற்கு ஒப்பாகும். உறையவைத்துச் சீவிய திசுவில்தான் அது எஞ்சும். 1955-இல் ஹிர்ஷும் பைஃபரும் அத்தகைய சீவல்களை அசெட்டிக் அமிலம் சேர்த்த கிரெசில் வயலட் சாயத்தில் இட்டபோது, சுற்றுத் திசு ஊதாவாக நிற்க, தேங்கிய திரள்கள் மட்டும் பழுப்பாக மாறின. சாய மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. சல்ஃபேட் முனைகள் நெருங்கி அடுக்கப்பட்ட பரப்பில் சாய மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிகின்றன. அந்த நெருக்கத்தில் அவை உறிஞ்சும் ஒளி மாறுகிறது. நிறமாற்றம் என்பது உண்மையில் மின்னூட்டச் செறிவின் அளவீடு.

1958 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் மியூனிக்கில் யாட்ஸ்கேவிட்ஸ், நோயுற்ற மூளையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அது சல்ஃபடைடே என்று வேதியியல்வழி நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ஆஸ்டின் சிறுநீரை நோக்கித் திரும்பினார். சல்ஃபடைடு மூளையில் மட்டும் தேங்குவதில்லை. சிறுநீரக நுண்குழல்களின் செல்களிலும் தேங்குகிறது. அந்தச் செல்கள் உதிர்ந்து சிறுநீரோடு வெளிவரும். 1957-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சிறுநீரின் அடிவண்டலைச் சாயமேற்றி உருப்பெருக்கியில் பார்த்து, குழந்தை உயிரோடிருக்கும்போதே நோயை அறியலாம் என்றது. அதுவரை இறப்புக்குப் பின் மூளையைத் திறந்தே உறுதிசெய்யப்பட்ட நோய் அது. இந்த வரலாற்றில் மிகப் பெரிய தாவல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இறந்தவரின் உறுப்பிலிருந்து உயிருள்ளவரின் திரவத்துக்கு ஆய்வு நகர்ந்தது இங்கேதான்.

சாயம் பிறகு அளவுகோலாகவும் ஆனது. 1957-இல் ஃபோல்ச்சும் அவர் குழுவினரும் குளோரோஃபார்மும் மெத்தனாலும் இரண்டுக்கு ஒன்று கலந்த கரைப்பானால் கொழுமியங்களைப் பிரிக்கும் முறையை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். 1968-இல் கீன், அந்தச் சாற்றோடு அஷூர் ஏ என்ற நீலச் சாயத்தைச் சேர்த்தார். சாயம் தனியாக இருந்தால் நீரடுக்கில் தங்கும். சல்ஃபடைடோடு இணைந்தால், மின்னூட்டம் சமனாகிக் கீழே உள்ள குளோரோஃபார்ம் அடுக்குக்கு இறங்கிவிடும். இறங்கிய நீலத்தின் அடர்த்தியை நிறமாலைமானியில் அளந்தால் சல்ஃபடைடின் அளவு கிடைக்கும். மலிவான முறை, மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையில் பிரித்த பட்டைகளை அளக்கவும் பயன்பட்டது. ஆனால் எத்தனை வகைச் சல்ஃபடைடுகள் உள்ளன, எதில் எந்தக் கொழுப்பமிலம் என்பதை நீலத்தால் சொல்ல முடியாது.

நொதியின் காலம், வேலூரின் பங்கு

கொழுமியம் ஏன் தேங்குகிறது என்ற கேள்விக்கு 1963-இல் ஆஸ்டின் விடை கண்டார். சல்ஃபேட்டைத் துண்டிக்கும் அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி நோயாளிகளிடம் இல்லை அல்லது மிகக் குறைவு. அடுத்த ஆண்டு பயோகெமிக்கல் ஜர்னலில் இந்தக் கண்டுபிடிப்பை விரித்து எழுதிய ஆய்வாளர்களின் பெயர் வரிசையில் கடைசியாக நிற்பவர் பிமல் குமார் பச்சாவத். கொல்கத்தாவைச் சேர்ந்த பச்சாவத், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தைக் கட்டியெழுப்பியவர்.

வேலூரில் நடந்த பணி எதிர்த்திசையிலிருந்து வந்தது. சல்ஃபடைடு எப்படிச் சிதைகிறது என்பதை அமெரிக்கக் குழுக்கள் தேடின. அது எப்படி உருவாகிறது என்பதை வேலூர் தேடியது. செல்லுக்குள் சல்ஃபேட் நேரடியாக எதிலும் ஏறாது. முதலில் அடினோசினோடு இணைந்த ‘செயலூட்டப்பட்ட சல்ஃபேட்’ ஆக வேண்டும். 1950-களின் நடுவில் ராபின்ஸும் லிப்மனும் அந்தச் சேர்மத்தை இனங்கண்டிருந்தார்கள். ஏ. எஸ். பாலசுப்பிரமணியனும் பச்சாவத்தும் ஆட்டு மூளைச் சாற்றில், செயலூட்டப்பட்ட சல்ஃபேட்டிலிருந்து, சல்ஃபடைடின் சல்ஃபேட் ஏறாத வடிவமான செரிப்ரோசைடுக்குச் சல்ஃபேட் மாறி அமர்வதைக் காட்டினார்கள். அக்கட்டுரை 1965-இல் வெளியானது. சல்ஃபடைடு பற்றிய உலக இலக்கியத்தில் அன்றைய மதராஸ் மாநிலத்து ஆய்வகம் ஒன்று இப்படி முதல் வரிசையில் நின்றது. இதைத் தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறுகள் பெரும்பாலும் குறிப்பிடாமல் கடந்துவிடுவதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

1968-இல் பெர்சியும் பிரேடியும், கையில் எடுக்கும் சிரைக்குருதியின் வெள்ளணுக்களிலேயே நொதிக் குறைவை அளந்து நோயை உறுதிசெய்யலாம் என்றார்கள். நொதியை அளப்பது எளிது. நைட்ரோகேட்டகால் சல்ஃபேட் என்ற செயற்கைப் பொருளை வெள்ளணுச் சாற்றோடு கலந்து காத்திருந்தால் போதும். நொதி சல்ஃபேட்டைத் துண்டித்ததும், காரம் சேர்க்கையில் நிறம் தோன்றும். சாதாரண மருத்துவமனை ஆய்வகமும் இதைச் செய்யலாம். அதற்கு மாறாக, சல்ஃபடைடை அளக்க லிட்டர் கணக்கில் சிறுநீர், கரைப்பான், வண்ணப்பிரிகைத் தட்டு, பழகிய கை எல்லாம் வேண்டியிருந்தன. எனவே நோயறிதல் மேசையிலிருந்து கொழுமியம் இறங்கியது, நொதி ஏறியது.

நொதி தடுமாறிய இடங்கள்

1975-இல் பாரிஸிலிருந்து டூபுவாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வியப்பைப் பதிவுசெய்தார்கள். நோயுற்ற குழந்தை ஒன்றின் தந்தைக்கும் அரைல்சல்ஃபடேஸ் ஏ செயல்பாடு காணப்படவில்லை. அவரோ நலமாக இருந்தார். நொதி ஆய்வை மட்டும் நம்பினால் அவரும் நோயாளி. இந்நிலைக்குப் போலிக்குறைவு என்று பெயர் வந்தது. அதன் மரபணு விளக்கத்தை 1989-இல் கீஸல்மன், ஃபான் ஃபிகுரா குழு கண்டது. நொதியின் செய்தி ஆர்.என்.ஏ. முடிவடையும் குறியீட்டில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. அதனால் அந்த ஆர்.என்.ஏ. இயல்பில் பத்தில் ஒரு பங்கே உருவானது. அந்தப் பத்தில் ஒரு பங்கே சல்ஃபடைடைச் சிதைக்கப் போதுமானது.

இந்த மாற்றத்தின் இரு படிகளையும் பெற்றவர்கள் ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர். நோயோ 40,000 பிறப்புகளுக்கு ஒன்று முதல் 1,60,000-க்கு ஒன்று வரை என்ற அளவில் மட்டுமே நிகழ்வது. எனவே நொதி குறைந்திருப்பவர்களைக் கூட்டமாகத் தேடினால், உண்மை நோயாளி ஒருவருக்கு நலமானவர்கள் பல நூறு பேர் அகப்படுவார்கள். கைக்குழந்தையின் பெற்றோரிடம் ‘உங்கள் குழந்தைக்கு நொதி இல்லை’ என்று சொல்லப்படும் சொல்லின் எடையை நினைத்தால், இது புள்ளிவிவரச் சிக்கலாக மட்டும் தோன்றாது.

எதிர்ப்பக்கச் சிக்கலும் வந்தது. 1979-இலும் 1981-இலும் வெளிவந்த கட்டுரைகளில், நோயின் எல்லா அடையாளங்களும் கொண்ட குழந்தைகளுக்கு நொதி ஏறக்குறைய இயல்பாக இருந்தது. விடை 1964-லேயே மெலும் யாட்ஸ்கேவிட்ஸும் கண்ட ஒன்றில் இருந்தது. சல்ஃபடைடு சவ்வில் புதைந்து கிடக்கும் பொருள். அதை வெளியே இழுத்து நொதியிடம் கொடுக்க ஒரு துணைப் புரதம் வேண்டும். பின்னாளில் அது சாபோசின் பி என்று பெயர்பெற்றது. சோதனைக்குழாயில் பயன்படும் செயற்கைப் பொருள் நீரில் கரைவது. அதற்குத் துணை தேவையில்லை. ஆகவே சாபோசின் பி இல்லாத குழந்தையின் நொதி, சோதனைக்குழாயில் தன் வேலையைச் செய்துகாட்டுகிறது. உடலுக்குள் அதே நொதிக்குச் சல்ஃபடைடு எட்டாத பொருளாகவே இருக்கிறது.

இந்த இரு சிக்கல்களுக்கும் விடை செல்களிடம் கேட்கப்பட்டது. நோயாளியின் தோலிலிருந்து வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குக் கதிரியக்கக் குறியிட்ட சல்ஃபடைடை ஊட்டி, சில நாள்களில் எவ்வளவு சிதைகிறது என்று பார்த்தார்கள். போலிக்குறைவுள்ளவரின் செல் ஏறக்குறைய இயல்பாகச் சிதைத்தது. சாபோசின் பி இல்லாத செல் தடுமாறியது. 1980-இல் கிஹாராவின் குழு இம்முறையைக் கருவிலிருக்கும் குழந்தையின் நோயறிதலுக்கே பயன்படுத்தியது. நல்ல முறைதான், ஆனால் செல் வளர்க்க வாரங்கள் பிடிக்கும், கதிரியக்கப் பொருளைக் கையாள வேண்டும். கொழுமியத்தின் கதியைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது என்பதை அது நிறுவியது. அந்தப் பார்வையை எல்லோருக்கும் எட்டச்செய்யும் கருவி அப்போது வந்திருக்கவில்லை.

உடைந்துபோன சல்ஃபேட்டுகள்

சல்ஃபடைடிலிருந்து சற்று விலகி, ஸ்டீராய்டுகளையும் பார்க்க வேண்டும். தேடும் பொருளைக் கழுவிவிடும் அதே தவறு அங்கும் வேறு வடிவில் நடந்தது. 1934-இல் பூடெனாண்டும் டானன்பாமும் ஆண்களின் சிறுநீரிலிருந்து டிஹைட்ரோஎபியாண்ட்ரோஸ்டீரோனைப் பிரித்தார்கள். சிறுநீரை அமிலத்தோடு கொதிக்கவைத்துச் சாறெடுப்பது அக்கால வழக்கம். கொதிப்பில் சல்ஃபேட் கழன்றுவிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரின் ஏறிய செயற்கை விளைபொருளும் உருவானது. உடலில் உண்மையில் சுற்றிக்கொண்டிருந்த சல்ஃபேட் வடிவத்தை 1944-இல் மன்சன், கலகர், கோக் மூவரும்தான் சிதையாமல் சிறுநீரிலிருந்து எடுத்தார்கள். குருதியில் அது இருப்பதை 1960 வாக்கில் பாரிஸில் பொல்யூ காட்டினார். மனிதக் குருதியில் மிகுதியாகச் சுற்றும் ஸ்டீராய்டு, இப்படிப் பகுப்பாய்வு முறையாலேயே நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது.

பின்னர் வந்த வாயு வண்ணப்பிரிகையும் உதவவில்லை. சல்ஃபேட் உப்புகள் ஆவியாவதில்லை. எனவே மீண்டும் சல்ஃபேட்டை நீக்கியே அளக்க வேண்டியிருந்தது. மூல வடிவம் எது என்ற தகவல் அங்கேயே தொலைந்தது.

கொலஸ்ட்ரால் சல்ஃபேட்டை 1964-இல் லீபர்மன் குழு மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தது. அதன் மருத்துவப் பொருள் மகப்பேற்று ஆய்வுகளின் வழியே, எதிர்பாராத திசையிலிருந்து வெளிப்பட்டது. 1969-இல் நியூசிலாந்தில் ஃபிரான்ஸும் லிகின்ஸும், கருவுற்ற தாயின் சிறுநீரில் எஸ்ட்ரையால் என்ற ஹார்மோன் மிகக் குறைந்திருந்த ஒரு நிலையை ஆராய்ந்து, நஞ்சுக்கொடியில் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் இல்லாததே காரணம் என்றார்கள். 1978-இல் இரு தனித்தனிக் குழுக்கள், அப்படிப் பிறந்த ஆண் குழந்தைகளுக்குத் தோல் செதில்செதிலாகத் தடிக்கும் நோய் வருவதைக் கண்டன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நோயாளிகளின் குருதியிலும் செவ்வணுச் சவ்விலும் தோல் செதிலிலும் கொலஸ்ட்ரால் சல்ஃபேட் பன்மடங்கு கூடியிருப்பது அளக்கப்பட்டது. சல்ஃபடைடின் வரலாற்றில் முதலில் தேக்கம் தெரிந்தது, பிறகு நொதிக் குறை; இங்கோ நொதிக் குறை முதலில் தெரிந்தது, பிறகு தேக்கம்.

97 என்ற எண்

1980-களில், அயனிகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானிக்காக, ஆவியாக்காமலேயே மூலக்கூறுகளை அயனியாக்கும் வழிகள் வந்தன. வேக அணுத் தாக்குதல் முதலில். தசாப்தத்தின் முடிவில் ஃபென்னின் மின்தெளிப்பு அயனியாக்கம். சல்ஃபேட் கொழுமியங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. மற்றக் கொழுமியங்களை அயனியாக்கப் பாடுபட வேண்டும். இவை ஏற்கெனவே மின்னூட்டம் கொண்டவை. நூறாண்டுகளாகச் சுத்திகரிப்பைத் தொல்லைப்படுத்திய அதே எதிர்மின் முனை, கருவிக்குள் நேரே பறக்கும் தகுதியைத் தந்தது.

1998-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சூ, டர்க் குழு சல்ஃபடைடு எப்படி உடைகிறது என்பதை விரிவாகப் பதிவுசெய்தது. கருவிக்குள் சல்ஃபடைடு அயனியை மந்த வாயுவோடு மோதவிட்டால் சல்ஃபேட் முனை கழன்று, ஹைட்ரஜன் சல்ஃபேட் அயனியாக வெளிப்படும். அதன் நிறை 97. கருவியை ‘97-ஐத் தரும் தாய் அயனிகளை மட்டும் காட்டு’ என்று அமைத்துவிட்டால், ஆயிரக்கணக்கான கொழுமியங்கள் கலந்த சாற்றிலும் திரையில் எழுவது சல்ஃபேட் ஏந்தியவையே. 778-இல் எழும் கோடு 16 கார்பன் கொழுப்பமிலம் கொண்ட சல்ஃபடைடு. 806-இல் 18 கார்பன். 888-இல் ஓர் இரட்டைப் பிணைப்புடன் 24 கார்பன். 906-இல் ஹைட்ராக்சில் ஏறிய 24 கார்பன். மூளை வெண்பொருளில் நீண்ட சங்கிலிகள் ஓங்கி நிற்கும். 465-இல் எழுவது கொலஸ்ட்ரால் சல்ஃபேட். சாயம் ஒரே நீலமாகக் காட்டியதை நிறை நிறமாலைமானி தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரித்துக் காட்டியது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. பாஸ்பேட் ஏந்திய சில கொழுமியங்களிலிருந்து வெளிவரும் டைஹைட்ரஜன் பாஸ்பேட் அயனியின் முழுஎண் நிறையும் 97-தான். துல்லியமாகப் பார்த்தால் சல்ஃபேட்டுடையது 96.960, பாஸ்பேட்டுடையது 96.970. வழக்கமான மும்மை நான்முனை நிறை நிறமாலைமானிக்கு இந்த வேறுபாடு புலப்படாது. முன்னதாகத் திரவ வண்ணப்பிரிகையில் பிரித்தோ, உயர்பிரிதிறன் கருவியில் இட்டோ உறுதிசெய்யாமல் 97-ஐ மட்டும் நம்புவது, நொதியை மட்டும் நம்பியது போன்ற அதே வகைத் தவறாகும்.

2001-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விட்ஃபீல்டும் குழுவினரும் இந்தக் கருவியை ஆஸ்டினின் பழைய மூலப்பொருளிடம் கொண்டுசென்றார்கள்: நோயுற்ற குழந்தைகளின் சிறுநீர். லிட்டர் கணக்கு தேவையில்லாமல் போனது. சிறுநீர்ச் சல்ஃபடைடின் பெரும்பகுதி உதிர்ந்த செல்களோடு அடியில் படிகிறது. குடுவையைக் குலுக்காமல் மேலிருந்து ஊற்றினால், முடிவு இயல்பாக வந்துவிடும். ஒப்பிடுவதற்கான அளவுகோலாக, மனித உடலில் காணாத நீளமுள்ள கொழுப்பமிலம் கொண்ட சல்ஃபடைடையோ டியூட்டீரியம் ஏற்றியதையோ முதலிலேயே சேர்க்கிறார்கள். சிறுநீரின் அடர்த்தி மாறுவதால் கிரியாட்டினின் அளவோடு ஒப்பிட்டோ, அதே செல்களிலிருந்து வரும் வேறொரு கொழுமியத்தோடு ஒப்பிட்டோ சொல்கிறார்கள். இரண்டாம் வழியே சரியென்று எனக்குப் படுகிறது. கிரியாட்டினின் சிறுநீரகம் வடிகட்டுவது. சல்ஃபடைடு உதிர்ந்த செல் கொண்டுவருவது. பிறப்பிடம் ஒன்றாக இருப்பவற்றை ஒப்பிடுவதே முறை.

மூளைத் தண்டுவடத் திரவத்தில் கதை இன்னும் முடிச்சோடுதான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பாம் ஃபிரெட்மனின் சுவீடன் குழு, சல்ஃபடைடுக்கான எதிர்ப்பொருளைக் கொண்டு இத்திரவத்தை அளந்து, குருதிநாளக் கோளாற்றால் வரும் மறதிநோயில் சல்ஃபடைடு கூடுவதைக் கண்டது. மையலின் சிதையும்போது அது திரவத்தில் கலக்கிறது என்பது விளக்கம். 2002-இல் ஹான் குழு, அல்சைமர் நோயின் மிகத் தொடக்கநிலையில் இறந்தவர்களின் மூளையில் நிறை நிறமாலையால் அளந்தபோது, சாம்பல் பொருளில் 93 விழுக்காடு வரையும் வெண்பொருளில் 58 விழுக்காடு வரையும் சல்ஃபடைடு குறைந்திருந்தது. ஒன்று திரவத்தில் கூடியது. மற்றொன்று திசுவில் குறைந்தது. இவற்றை முரண் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதிர்ப்பொருள் பார்த்தது சர்க்கரை முனையை. நிறை நிறமாலை பார்த்தது ஒவ்வொரு சங்கிலியையும். பார்த்த பொருளும் இடமும் நோயும் வேறு. அவற்றை ஒரே அட்டவணையில் அடுக்குவதே குழப்பத்தின் தொடக்கம்.

செல்களில் இந்த மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்பதற்குத் தெளிவான விடை எலிகளிலிருந்து வந்தது. சல்ஃபேட் ஏற்றும் நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளை ஹோன்கேயும் குழுவினரும் 2002-இல் விவரித்தார்கள். அவற்றில் சல்ஃபடைடும் இல்லை, செமினோலிப்பிடும் இல்லை. மையலின் உருவானாலும் நரம்பிழையோடு அது இறுகும் கணுக்களின் ஓரம் குலைந்தது. ஆண் எலிகளில் விந்தணு முழுமையடையவில்லை. மூளைக்கும் விந்தகத்துக்கும் ஒரே வேதிமுனை தேவைப்படுவது இவ்வாறு உறுதியானது.

குதிகால் குருதி

மெட்டாக்ரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபியின் குழந்தைப்பருவ வடிவத்தில், நடக்கக் கற்ற குழந்தை இரண்டாம் வயதுக்குள் தடுமாறத் தொடங்கும். பேச்சு குறையும், பின்னர் நிற்கவும் முடியாது. குருதிமூலச் செல்களில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையின் முதல் முடிவுகளை 2013-இல் மிலான் குழு வெளியிட்டது. 2020 இறுதியில் ஐரோப்பாவும் 2024 மார்ச்சில் அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் தந்தன. அறிகுறி தோன்றுமுன் கொடுத்தால்தான் அதன் முழுப்பயன். பெரும்பாலும், மூத்த குழந்தைக்கு நோய் என்று தெரிந்த பிறகுதான் இளைய குழந்தையைச் சோதிக்கிறார்கள். மூத்ததன் இழப்பே இளையதன் காப்பாக அமைவது எந்தக் குடும்பமும் தாங்கக்கூடிய ஏற்பாடு அல்ல.

ஆகவே பிறந்த உடனே, குதிகாலில் குத்தி வடிதாளில் உலரவைக்கும் குருதியிலேயே தேட வேண்டும். இங்கே நொதியை முதல் வடிகட்டியாக வைத்தால் போலிக்குறைவுள்ளவர்கள் வெள்ளமாக வந்து நிறைவார்கள். சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெல்பும் உடன் ஆய்வாளர்களும் வரிசையை மாற்றினார்கள். வடிதாளிலிருந்து துளையிட்டு எடுத்த சிறு வட்டத்தைக் கரைப்பானில் ஊறவைத்து 16 கார்பன் சல்ஃபடைடை முதலில் அளப்பது. அது கூடியிருந்தால் மட்டும் அதே தாளின் இன்னொரு வட்டத்தில் நொதியை அளப்பது. அதன்பின் மரபணு வரிசை. மூளையில் ஓங்கும் 24 கார்பனை விட்டு, குருதியில் நோயுற்றவரை நலமானவரிடமிருந்து நன்கு பிரிக்கும் 16 கார்பனைத் தேர்ந்ததுதான் இதன் நுட்பம். 2021-இல் அவர்கள் 27,000-க்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் வடிதாள்களில் இந்த ஒழுங்கை நடத்திப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். போலிக்குறைவுக்காரரிடம் சல்ஃபடைடு தேங்குவதில்லை. முதல் படியிலேயே அவர்கள் விலகிவிடுகிறார்கள்.

இந்த ஒழுங்கில் எஞ்சியிருக்கும் ஓட்டையும் பழையதுதான். சாபோசின் பி இல்லாத குழந்தை முதல் படியில் சல்ஃபடைடு கூடியதாகப் பிடிபடும். இரண்டாம் படியில் நொதி இயல்பு என்று வந்து விடுவிக்கப்படும். அரிய நிலைதான். ஆனாலும் சல்ஃபடைடு தெளிவாகக் கூடியிருந்து நொதி இயல்பாக இருக்கும் குழந்தைகளை ‘தவறான நேர்முடிவு’ என்ற பட்டியலில் மூடிவிடாமல், அவர்களின் சிறுநீரில் சல்ஃபடைடை மீண்டும் அளந்து, சாபோசின்களின் முன்னோடிப் புரதத்துக்கான மரபணுவையும் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு வடிதாள் வட்டமும் சில மில்லிலிட்டர் சிறுநீரும் அதற்குப் போதும்.